என் தம்பியின் ஸ்லாவிய மொழி

கத்தாருக்குப் போக வேண்டும், ஒரு கையெழுத்துப் போட வேண்டும், தம்பியை ஸ்ட்ரெச்சரில் வைத்துத் திருச்சிக்குக் கூட்டிவர வேண்டும். எனக்குச் சொல்லப்பட்ட வேலை இவ்வளவுதான். தம்பி குணசேகரனின் கம்பெனியிலிருந்து பேசியவர், பார்சல் ஆபீசில் கிடக்கும் பெட்டியைப் பற்றிச் சொல்வதுபோல இதைப் போனில் சொன்னார். கல்லூரியில் தமிழும் மொழியியலும் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு ஊர் சுற்ற வேண்டும் என்று எவ்வளவோ ஆசை வைத்திருந்தேன். இப்படியொரு காரணத்துக்காகத்தான் முதன்முதலாகக் கடல் தாண்டுவேன் என்று கனவிலும் நினைக்கவில்லை.

விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் பெரம்பலூர்ப் பக்கத்து ஆள். லீவு முடிந்து திரும்புகிறார். சாப்பாட்டுத் தட்டைத் தொடவே இல்லை. "சாப்பிடுங்களேன்" என்றேன். "எறங்குனதும் கேம்புல நம்ம பசங்க சோறு வச்சிருப்பானுங்க சார். இது தொண்டையில எறங்காது" என்றார். எனக்கும் இறங்கவில்லை. இருவரும் தட்டை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

தோஹா விமான நிலையத்துக்கு வெளியே வந்தால் நெய்னா முகம்மது நின்றிருந்தார். கீழக்கரைக்காரர். பழைய கடைத்தெருவில் கடிகாரமும் மொபைல் போனும் விற்கிற சின்னக் கடை அவருடையது. குணாவும் அவரும் வெள்ளிக்கிழமை தவறாமல் ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள் என்று குணா சொல்லிக் கேட்டிருக்கிறேன். என் பெட்டியை வாங்கிக்கொண்டு, "வாங்க சார். குணா அண்ணன் நல்லா இருக்காருன்னு சொல்ல எனக்கும் ஆசைதான்" என்றார். ஆசிய விளையாட்டுக்காக ஊர் முழுக்கத் தோண்டிப் போட்டிருந்த சமயம் அது. நாலு தெரு தள்ளியிருந்த ஆஸ்பத்திரிக்கு ஊரைச் சுற்றிக்கொண்டு போனோம். வெளியே அனல் அடித்தது. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் பல் கிட்டியது. இந்த ஊர்க்காரர்களுக்கு ஏசியை நடுவில் நிறுத்தத் தெரியாது போலிருக்கிறது.

குணா கட்டிலில் கிடந்தான். ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் வெல்டிங் இன்ஸ்பெக்டர் அவன். ஆறடி ஆள். குழாய்க்குள் தலையைவிட்டு, ஒரு பற்றவைப்பில் மயிரிழை விரிசல் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுகிறவன். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்து, வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. வாய் கோணிக் கிடந்தது. "குணா, அண்ணன் வந்திருக்கேன்டா" என்றேன். என்னைப் பார்த்தான். அப்புறம் கூரையைப் பார்த்தான். "யெ மி ஸிமா" என்றான். திரும்பத் திரும்ப அதையே சொன்னான். நான் அழுதுவிட்டேன், வெட்கமில்லாமல் அழுதேன்.

வார்டில் இருந்த நர்ஸ் லில்லி சிஸ்டர், கோட்டயத்துப் பெண். "சாரே, எந்தொக்கெயோ பறயுந்நுண்டு. ஒன்னும் மனசிலாகுந்நில்லா" என்றாள். என்னென்னவோ சொல்கிறார், ஒன்றும் புரியவில்லை என்கிறாள். அவள் மலையாளம் எனக்குப் பாதி புரிந்தது, மீதியை அவள் முகத்தைப் பார்த்து நிரப்பிக்கொண்டேன். அவனிடம் எந்த மொழியில் பேசினீர்கள் என்று கேட்டேன். இந்தி, இங்கிலீஷ், மலையாளம், கொஞ்சம் தமிழ் என்று விரல்விட்டுச் சொன்னாள். இந்த ஊர் வழக்கமே அதுதான் என்று நெய்னா சொன்னார். நம் நிறத்தில் ஒருவனைப் பார்த்தால் முதலில் இந்தி, பதில் வராவிட்டால் மலையாளம், அதுவும் வராவிட்டால் கையைப் பிடித்து இழுத்துப் போவது.

டாக்டர் வந்தார். சிரியாக்காரர், நல்ல மனிதர், களைத்துப்போன கண்கள். ஆங்கிலத்தில்தான் பேசினார். சொன்னதைப் புரிந்துகொண்டு செய்கிற நோயாளிகளுக்குத்தான் பயிற்சி வார்டில் கட்டில் கிடைக்குமாம். பேச்சுப் பயிற்சி, நடைப் பயிற்சி எல்லாம் அங்கேதான். குணா எதையும் புரிந்துகொள்ளவில்லை, அவன் வாயில் வருவது வெறும் சத்தம், ஆகவே வார இறுதியில் ஊருக்கு அனுப்பிவிடலாம் என்றார். படுத்தபடியே விமானத்தில் போய், திருவெறும்பூர் வீட்டில் படுத்தபடியே கிடக்க வேண்டியதுதான். அவசரத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். "இவன் ரஷ்யாவில் படித்தவன், டாக்டர். அந்த மொழியாக இருக்குமோ?" என்றேன்.

டாக்டர் முகம் மலர்ந்தது. அவர் மருத்துவம் படித்ததே மாஸ்கோவில்தானாம். குனிந்து குணாவிடம் ரஷ்யனில் பேச ஆரம்பித்தார். பேர் கேட்டார் போல, எப்படி இருக்கிறாய் என்றார் போல. கடைசியில் தன் கண்ணை மூடித் திறந்து காட்டாமல், "ஸக்ரோய் கிளாஸா" என்று மட்டும் இரண்டு மூன்று தடவை சொன்னார். கண்ணை மூடு என்று அர்த்தமாம். குணா அவரையே வெறித்துப் பார்த்தான். மூடவில்லை. டாக்டர் நிமிர்ந்து என் தோளைத் தட்டினார். "ரஷ்யன் இல்லை. மன்னியுங்கள், எந்த மொழியும் இல்லை" என்றார். ஒரு கதவு திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது.

மறுநாள் காலை மலையாளி மெஸ்ஸில் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பரோட்டா நன்றாகத்தான் இருந்தது, சால்னாவில் மட்டும் கறிவேப்பிலைக்குப் பதில் என்னமோ தழையைப் போட்டிருந்தார்கள். நெய்னா டீயை ஆற்றியபடி, "அண்ணன் ரஷ்யாவுலயா சார் படிச்சாரு? ஏதோ பிராட்டி... பிராட்டின்னு ஒரு ஊர் பேர் சொல்வாரே" என்றார். கையிலிருந்த பரோட்டாவைத் தட்டில் போட்டேன்.

பிராட்டிஸ்லாவா! நான் என்ன மடையன்! குணா படித்தது அந்தக் காலத்துச் செக்கோஸ்லோவாக்கியாவில். உதவித்தொகை கிடைத்து, முதல் வருஷம் முழுக்க ஸ்லோவாக் மொழி படித்து, பிறகு அந்த மொழியிலேயே வெல்டிங் பொறியியல் படித்தான். எங்கள் அப்பாவுக்குச் செக்கோஸ்லோவாக்கியா என்று வாயில் வராது. நாங்கள் வளர்ந்த பொன்மலையில் கேட்பவர்களிடமெல்லாம் "சின்னவன் ரஷ்யாவுல படிக்கிறான்" என்றார். செங்கொடி பறக்கிற தேசமெல்லாம் எங்கள் தெருவுக்கு ரஷ்யாதான். வார்சாவுக்குப் போன எதிர்வீட்டுக்காரரும் ரஷ்யாவுக்குத்தான் போனார். குணா முதல் லீவில் வந்தபோது எல்லாரையும் திருத்திப் பார்த்தான், அப்புறம் அவனே ரஷ்யா என்று சொல்ல ஆரம்பித்துவிட்டான். மொழிக் குடும்பங்களைப் பற்றி வாழ்நாள் முழுக்கப் பாடம் நடத்திய நானும், டாக்டரிடம் எங்கள் தெருவின் வாயால் பேசியிருக்கிறேன். அந்தப் பேச்சை நம்பித்தான் அவர் தீர்ப்பு எழுதியிருக்கிறார்.

ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஓடினோம் என்பது பேச்சுக்கு. டாக்ஸி கிடைக்கவில்லை, நெய்னாவின் காரைப் பள்ளத்தை அடுத்து நிறுத்தியிருந்ததால் ஒரு மண்வாரி வண்டி வழிமறித்து நின்றது. ஓட்டுநரைத் தேடிக் கண்டுபிடித்து, "பாய், ஜல்தி" என்று கெஞ்சி, அவர் டீயைக் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தோம்.

வார்டில் குணாவின் கைகால்களை நீவிக்கொண்டிருந்த பெண்மணியை அன்றுதான் பார்த்தேன். ராட்கா. பல்கேரியாவிலிருந்து வந்த உடற்பயிற்சிச் சிகிச்சையாளர். லீவு முடிந்து அன்றுதான் டியூட்டிக்கு வந்திருக்கிறார். குணா ஏதோ முனகினான். அவர் கை நின்றது. "இவர் தலை வலிக்கிறது என்கிறாரே!" என்றார் ஆங்கிலத்தில். லில்லி சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டாள்.

குணா சொன்னது "போலி மா ஹ்லாவா". ராட்காவின் மொழியில் தலைக்கு கிளாவா, ரஷ்யனில் கலவா. குணாவின் வாயில் அது ஹ்லாவா. பாலைப் பல்கேரியர் ம்ல்யாகோ என்கிறார், ஸ்லோவாக்கியர் ம்லியெகோ என்கிறார், ரஷ்யர் நடுவில் ஓர் உயிரெழுத்தை நுழைத்து மலகோ என்கிறார். நான் எம்.ஏ.வில் படித்த பாடம் இது. எங்கேயோ ஐரோப்பாவின் கிழக்கே, ஆறும் சதுப்புமான நிலத்தில், ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன்பு வரை இவையெல்லாம் ஒரே ஸ்லாவிய மொழியாக இருந்தன. பேசியவர்கள் மேற்கே, கிழக்கே, தெற்கே என்று மூன்று பக்கம் நகர்ந்தார்கள். மொழியும் மூன்று கிளையாகப் பிரிந்தது. செக், போலிஷ், ஸ்லோவாக் எல்லாம் மேற்குக் கிளை. ரஷ்யனும் உக்ரேனியனும் கிழக்கு. பல்கேரியனும் செர்பியனும் தெற்கு. பரீட்சைக்கு மரம் வரைந்து மார்க் வாங்கினேன். அந்த மரத்தின் ஒரு கிளை என் தம்பியின் தொண்டைக்குள் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

ராட்கா தேநீர் நேரத்தில் தன் டப்பாவைத் திறந்து வெள்ளைப் பாலாடைக்கட்டியும் தக்காளியும் எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார். உப்புக் கரித்தது. நம் ஊர்த் தயிரில் பாதிப் புளிப்பு, உப்பு இரண்டு மடங்கு. பல்கேரியாவில் எழுத்துக்கென்றே ஒரு திருநாள் உண்டாம். பள்ளிப் பிள்ளைகள் பூங்கொத்து தூக்கிக்கொண்டு ஊர்வலம் போவார்களாம். "கிரேக்கத்துத் தெசலோனிக்கி ஊர் அண்ணன் தம்பி இரண்டு பேர்தான் எங்கள் மொழிக்கு முதலில் எழுத்து உண்டாக்கினார்கள். எங்களுக்காக இல்லை. மொராவியாவுக்காக, அதாவது உங்கள் தம்பி படித்த பக்கத்து ஜனங்களுக்காக" என்றார். அண்ணனும் தம்பியும் காலமான பிறகு அவர்கள் சீடர்களை மொராவியாவிலிருந்து விரட்டிவிட்டார்கள். பாவப்பட்டவர்கள் புத்தகங்களைச் சுமந்துகொண்டு பல்கேரியாவுக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கிருந்துதான் எழுத்து ரஷ்யாவரை போயிற்று. "வேலை போய், வேறு தேசம் போனவர்கள்தான் எங்கள் இலக்கியத்தைத் தொடங்கினார்கள்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது. அவரும் அப்படி வந்தவர்தான்.

"அந்த யெ மி ஸிமா என்றால் என்ன?" என்று கேட்டேன். "ஸிமா என்றால் எங்களுக்குக் குளிர்காலம். குளிர்காலத்தைப் பற்றி ஏதோ சொல்கிறார். தோஹாவில் ஏது குளிர்காலம்?" என்றார். பனி விழுந்த கல்லூரி நாட்கள் நினைவுக்கு வருகிறது போல என்று நினைத்துக்கொண்டேன். அவன் அங்கே சந்தோஷமாக இருந்தவன், அங்கேயே திரும்பிப் போய்விட்டான் என்று எனக்குள் ஒரு கற்பனை. அதில் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது.

டாக்டரிடம் ராட்காவே போய், இது ஸ்லோவாக் மொழி என்று எடுத்துச் சொன்னார். டாக்டர் மறுக்கவில்லை, ஆனால் அசையவும் இல்லை. மனப்பாடமான வார்த்தைகள் தானாக வாயில் வருவது உண்டு, அதனால் புரிகிறது என்று ஆகாது, சொன்னதைச் செய்கிறாரா என்றார். ராட்கா பல்கேரியனில் சொல்லிப் பார்த்தார். குணா புருவத்தைச் சுருக்கிக் கேட்டான், பிறகு களைத்துக் கண் அயர்ந்துவிட்டான். "எங்கள் மொழி ரொம்ப மாறிவிட்டது. பழைய வேற்றுமை உருபுகளையெல்லாம் நாங்கள் உதிர்த்துவிட்டோம். நல்ல உடம்பாக இருந்தால் புரிந்துகொள்வார். இப்போது அவருக்குத் தூரம் அதிகம்" என்றார் ராட்கா. என் நம்பிக்கையில் மண் விழுந்தது. அன்று சாயங்காலம் கம்பெனியிலிருந்து ஆள் வந்து, கையெழுத்து எப்போது போடுவீர்கள் என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனார்.

நெய்னாதான் வழி சொன்னார். "சார், சைட்ல ஒரு செர்பியாக்காரரு இருக்காரு, டிராகன்னு பேரு. அண்ணனும் அவரும் பேசிக்கிட்டா நமக்கு ஒரு எழவும் புரியாது. கெக்கெக்கேன்னு சிரிச்சிக்குவாங்க. அவரு இவரு மொழியா, இவரு அவரு மொழியான்னு நான் கேட்டதில்ல." இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று கத்தினேன். "நீங்க ரஷ்யான்னு சொன்னீங்க. செர்பியாக்காரனுக்கு ரஷ்யன் எதுக்குத் தெரியப்போவுதுன்னு நான் இருந்துட்டேன்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

மறுநாள் ராஸ் லஃபானுக்குப் புறப்பட்டோம். நகரம் முடிந்ததும் ஒன்றுமே இல்லை. நம் ஊரில் வறண்ட நிலம் என்றால் ஒரு கருவேலமாவது நிற்கும், ஓர் ஆடாவது அதைக் கடித்துக்கொண்டிருக்கும். இங்கே வெளுத்த மண், வெளுத்த வானம், அவ்வளவுதான். அல்கோர் தாண்டியதும் நெய்னாவின் கார் புகை கக்கிக்கொண்டு நின்றது. "கலாஸ், முடிஞ்சிது" என்றார் நெய்னா. தண்ணீர் வேண்டும். எங்களிடம் இருந்தது ஒரு பாட்டில். அதை ரேடியேட்டருக்கு ஊற்றுவதா, நாம் குடிப்பதா என்று ரோட்டோரத்தில் நின்று இரண்டு பேரும் சண்டை போட்டோம். கடைசியில் ஒரு பாகிஸ்தான் பட்டாணியரின் தண்ணீர் லாரி நின்றது. ரேடியேட்டரை நிரப்பினார், எங்கள் பாட்டிலையும் நிரப்பினார், என் தலையிலும் ஒரு குவளை ஊற்றிவிட்டுப் போனார். அந்த ஒரு குவளைத் தண்ணீர்தான் கத்தாரில் எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம்.

ஆலைக்குள் எங்களை விடமாட்டார்கள். வாசல் செக்யூரிட்டியிடம் குணா பேரைச் சொல்லி, டிராகனுக்கு ஆள் அனுப்பிவிட்டு வெயிலில் காத்திருந்தோம். தூரத்தில் ஆலைக் குழாயின் உச்சியில் தீக்கொழுந்து எரிந்துகொண்டே இருந்தது. பருத்த கழுத்தும் செம்பட்டைத் தலையுமாக ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே வந்தார். டிராகன். குணா பேச்சில்லாமல் கிடக்கிறான் என்று சைட்டில் சொல்லிவிட்டார்களாம். ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு வந்தபோது உறவினர் மட்டும்தான் பார்க்கலாம் என்று திருப்பியும் அனுப்பிவிட்டார்களாம். "என்ன சொல்கிறான்?" என்று தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் கேட்டார்.

"யெ மி ஸிமா" என்றேன்.

டிராகனின் முகம் மாறியது. "எத்தனை நாளாகச் சொல்கிறான்?"

"விழுந்ததிலிருந்து."

"குளிர்கிறது என்கிறான், ஐயா. எனக்குக் குளிர்கிறது என்கிறான். எங்கள் மொழியிலும் அப்படித்தான் சொல்வோம். யாரும் போர்வை கொடுக்கவில்லையா?"

ஸிமா. வடமொழியில் ஹிமம். இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான். இமயத்துக்குப் பேர் வந்த கதையைச் சொல்லிப் பிள்ளைகளிடம் கைதட்டு வாங்கியவன். அந்த வார்டில் எனக்கே பல் கிட்டியது, சால்வையைப் போர்த்திக்கொண்டுதான் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவன் மெல்லிய ஆஸ்பத்திரித் துணியோடு கிடந்தான். அடப்பாவி, அவன் கல்லூரிப் பனியை நினைக்கிறான் என்று எப்படித்தான் எனக்குத் தோன்றிற்று?

டிராகன் சூப்பர்வைசரிடம் என்ன சொன்னாரோ, அரை மணியில் கம்பெனி பிக்கப்போடு வந்து நின்றார். நான் அதில் ஏறிக்கொண்டேன், நெய்னாவின் கார் மெல்ல உருண்டு பின்னால் வந்தது. வழியில் டிராகன் பேசிக்கொண்டே ஓட்டினார். குணா ஸ்லோவாக்கில் பேசுவானாம், இவர் செர்பியனில் பேசுவாராம். ஜன்னலுக்கு என்ன பேர் என்பது மாதிரிச் சில வார்த்தைகளில் மட்டும் முட்டிக்கொள்வார்களாம். "நடுவில் ஹங்கேரிக்காரன் வந்து உட்காராமல் இருந்திருந்தால் எங்கள் இருவர் மொழியும் இன்னும் ஒட்டிக்கொண்டே இருந்திருக்கும்" என்றார். பிறகு, "நான் பள்ளியில் படித்த மொழிக்கு அப்போது ஒரே பேர். நாடு உடைந்தது, யுத்தம் முடிந்தது, இப்போது அதே பேச்சுக்குத் தேசத்துக்கொன்றாக மூன்று பேர். நாலாவதும் வருமாம். என் அக்கா கணவன் குரோஷியன். அக்கா விண்ணப்பங்களில் தான் பேசுவது இன்ன மொழி என்று எழுத வேண்டிய இடத்தில் கோடு போட்டுவிடுகிறாள்" என்றார். குணா படித்த தேசமும் இரண்டாகப் போனது. உன் நாடு உடைந்தது பெரிதா, என் நாடு உடைந்தது பெரிதா என்று சாப்பாட்டு நேரத்தில் இருவரும் போட்டி போடுவார்களாம். "உன் நாடு இந்தியாடா, முட்டாள் என்பேன். இரண்டும்தான் என்பான்" என்று சொல்லிவிட்டு டிராகன் வேகத்தைக் கூட்டினார்.

வார்டுக்குள் நுழைந்ததும் டிராகன் ஒருவரையும் கேட்கவில்லை. காலிக் கட்டிலில் கிடந்த போர்வையை இழுத்துக் குணாவின் மேல் போட்டு, கழுத்துவரை சுற்றினார். இன்னொன்றையும் போட்டார். குணாவின் கண்ணோரத்தில் நீர் வழிந்தது. லில்லி சிஸ்டர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். டாக்டரை ராட்கா கூட்டி வந்தார்.

"ஸத்வோரி ஒச்சி" என்றார் டிராகன். கைச்சாடை எதுவும் காட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

குணா கண்ணை மூடினான்.

டாக்டர் ஒரு எட்டு முன்னே வந்தார். கண்ணுக்கு ஒச்சி என்பதுதான் பழைய வார்த்தை, எல்லாக் கிளையிலும் அதுதான் இருக்கிறது. ரஷ்யர்கள் மட்டும் அன்றாடப் பேச்சில் கிளாஸா என்று மாற்றிக்கொண்டார்கள். அந்த மாஸ்கோ வார்த்தை என் தம்பியிடம் வந்து சேரவே இல்லை. அடுத்து, கையைத் தூக்கு என்றார் டிராகன். இடது கை போர்வைக்குள்ளிருந்து மெல்ல எழுந்தது. ஜன்னல் எங்கே என்று கேட்க, தன் மொழி வார்த்தையை விட்டுவிட்டு, குணா சொல்லும் ஒக்னோவைச் சொன்னார். குணாவின் தலை ஜன்னல் பக்கம் திரும்பியது. அங்கே பாதி கட்டிய கட்டடமும் ஒரு கிரேனும் தெரிந்தன. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எல்லாம் புரிகிறது" என்றார் டாக்டர். தன் தப்பை மறைக்கவில்லை, அந்த மட்டில் பெரிய மனிதர். பயிற்சி வார்டுக்கு அப்போதே எழுதிக் கொடுத்தார். கம்பெனி ஆளுக்கு அவரே போன் செய்து, விமானம் வேண்டாம் என்றார். ஸ்லாவியர்கள் தங்கள் பேச்சு புரியாத ஜெர்மன்காரர்களை ஊமைகள் என்றுதான் அழைத்தார்கள், இன்றும் அவர்களுக்கு அதுதான் பேர் என்று ராட்கா என்னிடம் மெல்லச் சொன்னார். நான் தலையாட்டினேன். நாங்கள் எல்லாரும் சேர்ந்து குணாவுக்கு அந்தப் பேரைத்தான் வைத்திருந்தோம்.

தமிழ் திரும்பி வருமா என்று டாக்டரைக் கேட்டேன். இரண்டு மொழி படித்தவர்களுக்குச் சில சமயம் இப்படி ஆகும், ஒன்று மட்டும் மிஞ்சும், மற்றது வரலாம், வராமலும் போகலாம் என்றார். தாய்மொழிதான் முதலில் வரும் என்று நான் வாதாடினேன். அப்படி ஒரு சட்டமும் இல்லை என்று பொறுமையாகச் சொன்னார்.

வாசுகிக்குச் சொல்ல வேண்டும். குணாவின் மனைவி, திருவெறும்பூரில் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். நெய்னாவின் மொபைலில் கூப்பிட்டு, எல்லாரும் கேட்கும்படி சத்தமாக வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். "புரியுதா? அவருக்குப் புரியுதா மாமா?" என்று அழுதாள். "போன அவரு காதுகிட்ட வைங்க."

வைத்தேன். "என்னங்க, நான் வாசுகி பேசுறேங்க. கேக்குதா? பொண்ணு பாஸாயிட்டாங்க. உங்ககிட்டதான் மொதல்ல சொல்லணும்னு நிக்கிறா. என்னங்க..." குணா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டு ரேடியோவைக் கேட்பவன் போல இருந்தது முகம். அவள் பேசிக்கொண்டே போனாள். பிறகு, அவனுக்கு எட்டவில்லை என்று அவளுக்கே தெரிந்துவிட்டது.

"மாமா, குளிருதான்னு அவங்க பாஷையில எப்படிக் கேக்கணும்?"

டிராகனிடம் கேட்டேன். "ஸிமா? என்று கேட்டாலே போதும்" என்றார்.

"ஸிமா?" என்றாள் வாசுகி போனில். திருச்சிக் குரலில், கொஞ்சம் பயத்தோடு. "ஸிமாங்களா?"

குணா சட்டென்று திரும்பினான். போனைப் பார்த்தான். இரண்டு போர்வைக்குள் கிடந்தபடி, கோணிய வாயைச் சிரமப்பட்டு நேராக்கிக்கொண்டு ஏதோ சொன்னான். பணிவாகச் சொன்னான். டிராகன் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்ன சொன்னாரு மாமா?"

டிராகனை உலுக்கித்தான் கேட்க வேண்டியிருந்தது. "இப்போது குளிரவில்லை, மிக்க நன்றி, அம்மணி என்கிறான். ஹோட்டலில் கதவு திறந்துவிடும் பெண்ணிடம் இப்படித்தான் சொல்வான்" என்றார்.

பொய் சொல்லலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். மனசு வரவில்லை. "குளிரலையாம்மா" என்றேன். "நன்றி சொல்றான்."

"யாருக்கு?"

"உனக்குத்தான்."

லைன் அறுந்துவிட்டதோ என்று நெய்னா போனை வாங்கிப் பார்த்தார்.

"எனக்கா நன்றி?" என்றாள் வாசுகி. "கல்யாணம் ஆனதுலேருந்து ஒரு தடவ சொன்னதில்லீங்க மாமா. நாங்க என்ன அந்நியமா?" மூக்கை உறிஞ்சினாள். "அப்படிச் சொன்னா, நாம திருப்பி என்ன சொல்லணும்?"

டிராகனைக் கேட்டேன். தன் மொழியில் ஒன்று இருக்கிறது, ஆனால் குணாவின் மொழியில் அது வேறு, தனக்குத் தெரியாது என்றார். ராட்காவும் உதட்டைப் பிதுக்கினார்.

"தெரியலம்மா" என்றேன்.

"பரவால்ல மாமா. யாரையாவது கேட்டுச் சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கேன்."